12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லதா? லீவில் லேப்டாப் பேட்டரி மாற்றப் போகிறவர்களுக்கு

வேலை வேகத்தில் நம் ஊரைக் குறை சொல்லவே முடியாது. வெளிநாட்டில் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே கடைத் தம்பி கண்ணெதிரிலேயே அடிமூடியைக் கழற்றி, வேறெதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரைப் பிரித்தார். பழகின கை. எரிச்சல் அடுத்த நிமிஷம்தான். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார், 12.6 காட்டியது. "பேட்டரி சூப்பரா இருக்குண்ணே, மதர்போர்டுலதான் கம்ப்ளெய்ண்ட்."

தொடராக மூன்று செல் உள்ள பேட்டரி முழுக்க ஏறினால் செல்லுக்கு 4.2 வீதம் 12.6 வோல்ட் வரும். பாதி ஆயுள் போன பேட்டரியும் முழுக்க ஏறிச் சும்மா கிடக்கும்போது அதையேதான் காட்டும். குறைவது கொள்ளளவு, அதாவது சேமிக்கும் மின்சாரம்; கூடவே உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, ஏறும். அதனால்தான் 30 சதவீதம் மீதி என்று திரை சொல்லும்போதே, லோடு கூடியதும் வோல்டேஜ் சரிந்து மெஷின் பட்டென்று அணைகிறது. இதில் போர்டின் குற்றம் என்ன? எதிர்ப்பக்கக் கூத்தும் உண்டு: பல பேட்டரிகள் கழற்றி வைத்தால் வெளியே வோல்டேஜே தராது. மீட்டரை நம்பினால் நல்ல பேட்டரிக்கும் சாவு ஓலைதான்.

கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்-சி-எஃப்-ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை சேமிக்கப்படும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழுக்க ஏறினால் வருவது) 31,000 என்றிருந்தால் மிச்சம் 62 சதவீதம். 80க்குக் கீழே போனாலே மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். டச்பேட் மேலெழும்பி நின்றால் எந்தக் கணக்கும் வேண்டாம். செல் ஊதியிருக்கிறது, சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள்.

வாங்கும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு வகை பேட்டரி வருவதுண்டு. பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள பார்ட் நம்பர்தான் ஆதாரம். 10.8, 11.1 வோல்ட் இரண்டும் தொடராக மூன்று செல் வகைதான், 14.8 தொடராக நான்கு செல், மூன்று செல் வகைக்குப் பதில் அதைப் போடக் கூடாது. பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றலான வாட்-அவர் கணக்கு எளிது: 11.4 வோல்ட், 4,000 மில்லி ஆம்பியர்-அவர் (4 ஆம்பியர்-அவர்) என்றால் பெருக்கி 45.6. அதே அளவுப் பெட்டிக்குள் 70 இருக்கிறது என்று அச்சடித்திருந்தால் பொய். தயாரித்த தேதியையும் பாருங்கள்; அலமாரியில் கிடந்தாலும் லித்தியம் கிழடாகும்.

மாட்டியதும் அங்கேயே மறுபடி அறிக்கை எடுங்கள். புதுசு என்று கொடுத்ததில் சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற எண்ணிக்கை) நூற்றைத் தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஸ்பேர் பேட்டரி வாங்கி விமானத்தில் கொண்டு வருவதானால் கனெக்டரை டேப்பால் மூடிக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. ஊதின பழசை விமானத்தில் ஏற்றவே கூடாது, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.