கோயாகுசெக் எக்ஸ்எஸ் (ரத்தம் உறையும் வேகத்தை வீட்டிலேயே பார்க்கும் கருவி): செயற்கை வால்வோடு பிள்ளை பெற்றவளின் அனுபவம்

பதினேழு வயதில் எனக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றினார்கள். வாதக் காய்ச்சல் கெடுத்த வால்வு அது. வைத்தது சித்ரா வால்வு, திருவனந்தபுரத்தில் உருவாக்கி 1990-இலிருந்து பொருத்திவரும் நம் நாட்டு வால்வு. அதில் ரத்தம் உறையாமலிருக்க அன்றிலிருந்து அசிட்ரோம் மாத்திரை.

கர்ப்பமானதும் ஆறாவது வாரத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த வாரங்களில் அது குழந்தையின் மூக்கையும் எலும்பையும் பாதிக்கலாம். பன்னிரண்டாவது வாரம் வரை அதற்குப் பதிலாக, ரத்தம் உறையாமலிருக்க, காலையும் மாலையும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. அப்புறம் மறுபடி மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும், வாரா வாரம் பார் என்றார் டாக்டர்.

எங்கள் ஊர் லேப் ஒன்றில் காலையில் ரத்தம் கொடுத்தால் மறுநாள் மாலைதான் ரிப்போர்ட். பதினாறாவது வாரம் 1.6 என்று வந்தது. அவ்வளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்துவிடலாம். ஒன்றரை நாளாக அந்த அளவோடு நடமாடியிருக்கிறேனே என்று கை நடுங்கிவிட்டது. அந்த வாரமே வாங்கியதுதான் இந்தக் கருவி.

வெந்நீரில் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துவேன். குத்திய பதினைந்து நொடிக்குள் சொட்டு, கருவியில் செருகிய ஸ்ட்ரிப்பில் படவேண்டும். முதல் இரண்டு ஸ்ட்ரிப்பை வீணாக்கினேன். விரலை அழுத்திப் பிசைந்தது என் தவறு. கையைத் தொங்கவிட்டாலே சொட்டு தானாகத் திரளும். ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். அதை டாக்டருக்கு அனுப்பி, அன்றிரவு மாத்திரையின் அளவையே மாற்றிக்கொள்ளலாம். ஸ்ட்ரிப் மலிவில்லை, ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காகக் கொடுக்கலாம். முப்பது டிகிரிக்கு மேல் ஸ்ட்ரிப் தாங்காது, நம் சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஹெப்பாரின் போடும் நாட்களில் இந்த எண்ணை நம்பக் கூடாது. ஊசியின் வேலையை ஐஎன்ஆர் காட்டாது. அதற்கு ஆன்டி டென்-ஏ என்ற தனிப் பரிசோதனை, ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். நான் அதற்காகவே ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரம் போனேன். ரத்தசோகை கடுமையாக இருந்தாலும் கருவி தவறாகக் காட்டலாம், ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தாறாவது வாரம் மறுபடி ஊசிக்கு மாறினேன். மாத்திரை குழந்தையின் ரத்தத்தையும் இளக்கிவிடும், பிரசவத்தில் அதன் தலைக்குள் கசியலாம் என்பதால். அந்த நாட்களில் கருவி அலமாரியில் இருந்தது. பிள்ளை பிறந்து, மறுபடி மாத்திரைக்கு வந்தபின், பத்தாம் நாள் அதை எடுத்து, மடியில் அவன் பால் குடித்துக்கொண்டிருக்க, இடது கையில் குத்திப் பார்த்தேன். 2.8.