காமெட் சோதனையா, காமா ஹெச்2ஏஎக்ஸா?

காசிமேட்டில் படகுகளுக்கு வெல்டிங் அடிப்பவர்களின் ரத்தத்தில், வெள்ளணுக்களின் டி.என்.ஏ. எவ்வளவு உடைந்திருக்கிறது, அதைச் செல் எவ்வளவு சீக்கிரம் ஒட்டவைக்கிறது என்பதுதான் என் ஆய்வு. தண்டையார்பேட்டையில் சின்ன ஆய்வகம். இதை அளக்க இரண்டு சோதனை முறைகள் முன்னால் இருந்தன: காமெட், காமா ஹெச்2ஏஎக்ஸ். நான் காமெட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

காமா ஹெச்2ஏஎக்ஸ் அழகான முறை, மறுக்கவே மாட்டேன். டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்ததும் ஏ.டி.எம். என்ற நொதி விழித்துக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றியுள்ள ஹெச்2ஏஎக்ஸ் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும்; அப்படி ஒட்டிய புரதம்தான் காமா ஹெச்2ஏஎக்ஸ். சில நிமிடங்களில் நடந்துவிடும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஒளிரும் சாயத்தோடு போட்டால் முறிவு நடந்த இடம் புள்ளியாக ஒளிரும். 1998-இல் கண்டறியப்பட்டது.

காமெட்டில், செல்லை அகரோஸ் என்ற ஜெல்லில் பதித்து, சவ்வையும் புரதத்தையும் கரைத்துவிட்டு, காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். உடைந்த டி.என்.ஏ. வால்நட்சத்திரம் போல நீளும். ஒற்றை இழை முறிவும் இதில் தெரியும். வெல்டிங் புகையிலுள்ள உலோகங்கள் ஆக்ஸிஜனேற்றத்தால் உண்டாக்கும் சேதத்தில் அந்த வகை நிறைய என்பதால் எனக்கு இது முக்கியம். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்துவிட்டு 0, 15, 30, 60 நிமிடங்களில் பார்த்தால் வால் சுருங்கிக்கொண்டே வரும். செல் பழுதுபார்ப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். ஆன்டிபாடி குட்டிக் குப்பி, விலையோ பல ஆயிரம். மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்க மின்சாரம் போய், ஃப்ரீசர் உருகிவிட்டது. அதன்பின் புள்ளி தெரியாவிட்டால் சேதம் இல்லையா, ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? சேதம் இருப்பது உறுதியான செல்லைக் கன்ட்ரோலாக வைத்துச் சோதிக்கலாம், சரி, அதற்கும் அதே குப்பியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்புறம் ஒளிரும் புள்ளிகளைப் பார்க்கத் தனி நுண்ணோக்கி வேறு. காமெட்டுக்கு உப்பு, ஈ.டி.டி.ஏ., சோடியம் ஹைட்ராக்சைடு, அகரோஸ். தீர்ந்தால் மறுநாளே வாங்கலாம். வெள்ளிச் சாயம் போட்டால் சாதாரண நுண்ணோக்கியே போதும், ஸ்லைடைக் காயவைத்துப் பத்திரப்படுத்தவும் முடியும்.

காமா ஹெச்2ஏஎக்ஸை வேறொரு ஆய்வகத்தில் இரண்டே முறைதான் செய்திருக்கிறேன், என் சொல்லை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு போல இரட்டை இழை முறிவைத் தனியாக எண்ண வேண்டியவர்கள் அதற்கே போகலாம்.

காமெட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு: சூடு. மின்சாரம் பாயும்போது கரைசல் 4 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். ரத்த மாதிரியையும் வெளிச்சம் படாமல் ஐஸில்தான் கொண்டுவர வேண்டும். மே மாதத்தில் காசிமேட்டு மீன் ஐஸையே கூடுதலாக ஒரு பெட்டி வாங்கி, மின்சாரம் பாய்ச்சும் டேங்கைச் சுற்றி அடுக்கிவிடுகிறேன்.