சென்னை இரவுக்கு எந்த வைட் லென்ஸ்?

மயிலாப்பூர் மாட வீதியில் இரவு எட்டு மணிக்கு ட்ரைபாடை விரிக்க இடம் கிடைக்காது. பூக்கடை, ஆட்டோ, கோயிலிலிருந்து வெளியே வரும் கூட்டம் என்று தெரு நிரம்பியிருக்கும். அதே இரவில் ரிப்பன் மாளிகை முன்னால் போய் நின்றால், ட்ரைபாடை ஊன்றி நிதானமாகப் பத்து நொடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம். வைட் லென்ஸ் (பரந்த காட்சியைச் சட்டத்துக்குள் அடக்கும் லென்ஸ்) வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டில் எது தங்கள் இரவு என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கூர்மை, விலை, எடை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் வைத்திருப்பது சோனி ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா. அதனால் அந்த மவுன்ட்டில், அதாவது அந்தக் கேமராவில் பொருந்தும் வகையில், நான்கு லென்ஸ்களை எடுத்துக்கொள்கிறேன்: சோனி 20 மி.மீ. எஃப் 1.8 ஜி, சோனி 14 மி.மீ. எஃப் 1.8 ஜிஎம், டாம்ரான் 17-28 மி.மீ. எஃப் 2.8, சோனி 16-35 மி.மீ. எஃப் 4 பவர் ஜூம். மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், பெரிதாகி வெளிச்சம் கூடும். நிக்கான், கேனான் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், கணக்கு பெரும்பாலும் மாறாது.

முதலில் தெரு. ஓரளவு வெளிச்சமுள்ள கடைத்தெருவில் 1/60 நொடி, எஃப் 1.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 என்று படம் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே படத்தை எஃப் 2.8-இல் எடுக்க ஐஎஸ்ஓ 4000-க்குப் பக்கத்தில் போக வேண்டும். எஃப் 4 என்றால் 8000. இன்றைய கேமராவில் 8000 ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் சௌகார்பேட்டையின் குறுகலான சந்துகளில் ஒரு குண்டு பல்புக்குக் கீழே ஒரு முகம், பின்னால் பாதி இருட்டில் ஒரு பழைய மாடி வீடு என்று வரும்போது, நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாலே நாய்ஸ், அதாவது மணல் தூவினது போன்ற புள்ளிகள், மேலே வந்துவிடும். நான் முதலில் வாங்கியது எஃப் 4 ஜூம்தான். அங்குள்ள மிண்ட் தெருவில் மூன்று இரவுகள் எடுத்த படங்களில் கட்டடங்கள் எல்லாம் கூர்மையாக இருந்தன, மனிதர்கள் எல்லாரும் கலங்கியிருந்தார்கள். கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனை நம்பி ஷட்டரை 1/8 வரை இறக்கியிருந்தேன். அது என் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், எதிரில் நடந்து வருபவரை நிறுத்தாது. அந்தப் படங்களில் பலவற்றைத் திரும்ப எடுக்கவே முடியாது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

தெருவுக்கு 20 மி.மீ. எஃப் 1.8-ஐத்தான் நான் தயங்காமல் சொல்வேன். எடை 373 கிராம். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்தாலும், ஓரத்தில் இருக்கும் விளக்குகள் சிறகு விரித்த மாதிரி இழுபடுவது, அதாவது கோமா, நான் பயன்படுத்திய வைட் லென்ஸ்களிலேயே இதில்தான் குறைவு. எஃப் 1.8 என்றால் பின்னணி கலங்கிவிடுமோ என்ற பயமும் இந்த அளவு வைடில் தேவையில்லை. சுமார் ஏழரை மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், நாலு மீட்டரிலிருந்து தெருமுனை வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் இடங்களில் இது பெரிய உதவி.

டாம்ரான் 17-28 இதற்கு நேர்ப் போட்டி. 420 கிராம், ஃபில்டர் அளவும் 20 மி.மீ. லென்ஸுக்கு இருப்பது போலவே 67 மி.மீ. ஜூம் செய்யும்போது நீளம் மாறாது. தேவராஜ முதலி தெரு மாதிரி பின்னால் ஓர் அடி நகர முடியாத இடத்தில் 17-க்குத் திருப்பலாம், கொஞ்சம் திறந்த இடம் வந்தால் 28-க்குப் போகலாம். கூட்டத்துக்கு நடுவே லென்ஸ் மாற்றும் வேலை இல்லை. ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும், தெருவும் கட்டடமும் பாதிக்குப் பாதி என்பவருக்கு இது நல்ல தேர்வு. மழைக்காலத்தில் எனக்கு இதைப் பிடிக்கும். நவம்பர் ஈரத்தில் தார்ச்சாலை கடை விளக்குகளைத் திருப்பிக் காட்டும்போது வெளிச்சம் கூடுவதால் எஃப் 2.8 போதும், குடைக்குக் கீழே லென்ஸை மாற்றவும் வேண்டாம்.

கட்டடத்துக்கு வந்தால் கணக்கே வேறு. இங்கே சிக்கல் கேமராவை அண்ணாந்து பிடிப்பது. அண்ணாந்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகக் குவிந்து, கோபுரம் பின்பக்கம் சாய்வது போலத் தெரியும். கபாலீஸ்வரர் கோயில் கிழக்கு ராஜகோபுரம் சுமார் 120 அடி, கிட்டத்தட்ட 37 மீட்டர். கேமராவைச் சாய்க்காமல், நெட்டுவாக்கில் பிடித்து, உச்சிக் கலசம் வரை சட்டத்துக்குள் கொண்டுவர 20 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 39 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 17-க்கு 33 அல்லது 34, 16-க்கு சுமார் 32. 14 மி.மீ. என்றால் 28 மீட்டர் போதும். அந்தப் பதினொரு மீட்டரில் ஒரு கடை வரிசையும் ஒரு மின்கம்பமும் அடங்கிவிடும். இப்படி எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாலையாகத்தான் இருக்கும், வெட்டிவிடலாம். அல்லது அந்தச் சாலையில் மல்லிகைப்பூ விற்கும் அம்மாவை முன்னணியில் வைத்து எடுத்தால் வெட்டவே தோன்றாது.

அதனால் கட்டடத்துக்கு 14 எஃப் 1.8 ஜிஎம்மைச் சிபாரிசு செய்யத் தோன்றும். 460 கிராமில் இவ்வளவு வைட், இவ்வளவு வெளிச்சம் என்பது உண்மையிலேயே வியப்புதான். ஆனாலும் இரண்டு காரணங்களால் நான் அதை வாங்கவில்லை. ஒன்று, முன்கண்ணாடி உருண்டு துருத்திக்கொண்டிருக்கும், அதில் சாதாரண ஃபில்டர் போட முடியாது. மெரினா பக்கம், நேப்பியர் பாலத்துக்கருகே கூவம் கடலோடு சேரும் இடத்தில், அரைமணி நேரம் நின்றாலே உப்புக்காற்று கண்ணாடியில் பூசிவிடும். ஒவ்வொரு முறையும் அதை அந்த உருண்டைக் கண்ணாடி மேலேயே துடைப்பது எனக்கு மனம் வராத காரியம். இரண்டாவது, தெருவில் இதன் ஓரத்துக்கு வரும் மனிதர்கள் தலை நீண்டு, தோள் அகன்று போகிறார்கள். ஒருவரைப் படமெடுத்துவிட்டு அப்படி உருக்குலைப்பது நியாயமில்லை. கோபுரங்களும் பழைய கட்டடங்களும் மட்டுமே எடுப்பவருக்கு இந்த இரண்டாவது காரணம் கிடையாது. விலை இந்த நான்கிலும் இதற்குத்தான் அதிகம்.

ட்ரைபாட் போடும் இடங்களில் எஃப் 4 ஜூம் தன் மதிப்பைக் காட்டும். 1913-இல் கட்டி முடித்த ரிப்பன் மாளிகை நீளவாக்கில் கிடக்கும் கட்டடம், முன்னால் இடமும் தாராளம். 16-இல் எடுத்தால் கட்டடம் சுருங்கிப் புல்வெளியும் வானமும்தான் பெரிதாகும். அங்கே எனக்கு 28-க்கு மேல்தான் தேவைப்பட்டது. பக்கத்திலேயே சென்ட்ரலின் மணிக்கூண்டு, அதற்கு 35. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, சில நொடிகள் என்று வைத்துவிட்டால் எஃப் 1.8 லென்ஸின் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. 16-35 பவர் ஜூம் 353 கிராம்தான், நான்கிலும் இலகுவானது இதுவே. எஃப் 11-க்குச் சுருக்கும்போது தெருவிளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களிலும் வித்தியாசம் உண்டு. இதன் அப்பர்ச்சரில் 7 இதழ்கள், அதனால் 14 கதிர். மற்ற மூன்றிலும் 9 இதழ்கள், 18 கதிர். விளக்கு வரிசை நீளமாக இருக்கும்போது 14 கதிர் கொஞ்சம் சுத்தமாகத் தெரிகிறது என்பது என் கண்ணுக்கு.

ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராக்காரர்கள் ஃபுல் ஃப்ரேம் லென்ஸுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சோனி 11 மி.மீ. எஃப் 1.8 வெறும் 181 கிராம், ஃபுல் ஃப்ரேமில் 16.5 மி.மீ. லென்ஸ் தரும் பார்வையைக் கொடுக்கும். தெரு மட்டும் போதுமென்றால் சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4 இன்னும் நல்லது.

எந்த லென்ஸ் வாங்கினாலும் இரவில் மூன்று விஷயங்கள். உப்புக்காற்று இல்லாத இடங்களில் யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் விளக்குகளுக்கு எதிர்மூலையில் பச்சைப் பொட்டு வரலாம். கடைப் பலகைகளின் எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். லென்ஸ் முழுக்கப் பனி படியும், அது போக நேரம் பிடிக்கும். கால்மணி நேரம் பை மூடியே இருக்கட்டும்.

முடிந்தால் வாங்குவதற்கு முன் ஒரு வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுங்கள். கடையிலேயே சோதிப்பதானால், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, தூரத்தில் இருக்கும் ஒரே விளக்கை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து நான்கு படம் எடுங்கள். ஒரு மூலையில் மட்டும் விளக்கு மற்ற மூன்றைவிட அதிகமாகக் கலங்கினால் அந்தப் பிரதி வேண்டாம், வேறொன்று கேளுங்கள்.