எல்லா கேமும் எல்லா கன்சோலுக்கும் வருகிற காலத்தில் கேம் பாஸ் எடுக்கலாமா?

மாதச் சந்தா கட்டினால் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலிலும் பிசியிலும் நிறைய கேம்களை விளையாடத் தருகிற சேவை கேம் பாஸ், அதன் மேல்படி அல்டிமேட். 2025 அக்டோபரில் அந்த அல்டிமேட்டின் மாதச் சந்தா இந்தியாவில் 829 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 1,389 ரூபாய் ஆனது. அமெரிக்காவில் 20 டாலர் 30 டாலர் ஆனது. 2022 ஜனவரியில் இதே அல்டிமேட்டை நம்மூருக்காக 699-லிருந்து 499-க்குக் குறைத்துத் தந்தது இதே மைக்ரோசாஃப்ட்தான். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாவில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இந்தியாவில் அப்போதைக்கு உயர்வு இல்லை என்று சொன்னார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் 2021-இல் கார்டு மூலம் மாதாமாதம் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி புது விதிமுறை கொண்டுவந்ததிலிருந்து இங்கே நிறையப் பேர் தானாகப் புதுப்பிப்பதை விட்டுவிட்டு, ரீசார்ஜ் கூப்பன்போல் கோட் வாங்கித்தான் போடுகிறோம், நமக்கு அந்தச் சலுகை வந்து சேரவில்லை.

இந்த உயர்வுக்குப் பிறகு கேம் பாஸ் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: எடுக்கலாம், ஒரு மாதத்துக்கு எடுங்கள், ஆசை தீர விளையாடுங்கள், நிறுத்திவிடுங்கள். வருஷம் முழுக்க ஓடவிடுகிற சந்தாவாக இது இப்போது இல்லை. விலை ஏறியது அதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி, எக்ஸ்பாக்ஸில் மட்டும்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் இனி அநேகமாக எதுவும் இல்லை என்பது.

இந்தச் சேவை 2017 ஜூனில் மாதம் 10 டாலருக்கு, நூற்றுச் சொச்சம் கேம்களோடு வந்தது. அப்போது எல்லாம் பழைய சரக்கு. 2018 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தார்கள், மைக்ரோசாஃப்டின் சொந்த ஸ்டுடியோக்கள் செய்கிற கேம் எல்லாம் கடைக்கு வருகிற அதே நாளில் கேம் பாஸிலும் வரும் என்று. மார்ச்சில் ஸீ ஆஃப் தீவ்ஸ் அப்படி வந்தது. அதிலிருந்துதான் உண்மையான கேம் பாஸ் ஆரம்பம். அப்புறம் அவர்கள் ஸ்டுடியோக்களை வாங்கிக் குவித்தார்கள். பெதஸ்டாவின் தாய் நிறுவனமான ஸெனிமேக்ஸுக்கு 750 கோடி டாலர், ஆக்டிவிஷன் ப்ளிஸார்டுக்கு 6,870 கோடி டாலர். 2023 செப்டம்பரில் பெதஸ்டாவின் ஸ்டார்ஃபீல்டு வந்தபோது போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷனுக்கு அது கிடையாது. அந்தக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது: ஹேலோ, ஃபோர்ஸா, ஸ்டார்ஃபீல்டு வேண்டுமென்றால் எக்ஸ்பாக்ஸோ பிசியோ வேண்டும், அதை வாங்கிய பிறகு அவற்றை விளையாட மலிவான வழி கேம் பாஸ். வேறு கன்சோலில் கிடைக்காத எக்ஸ்க்ளூசிவ் கேம் சந்தாவைத் தாங்கியது, சந்தா கன்சோலைத் தாங்கியது.

2024 பிப்ரவரியில் அந்தக் கட்டுமானத்திலிருந்து முதல் நான்கு செங்கலை அவர்களே உருவினார்கள். பென்டிமென்ட், ஹை-ஃபை ரஷ், கிரவுண்டட், அப்புறம் ஸீ ஆஃப் தீவ்ஸ், நான்கும் மற்ற கன்சோல்களுக்குப் போகும் என்று அறிவிப்பு வந்தது. 2025 ஏப்ரலில் இண்டியானா ஜோன்ஸும் ஃபோர்ஸா ஹொரைசன் 5-உம் இரண்டு வார இடைவெளியில் பிளேஸ்டேஷன் 5-க்கு (பிஎஸ்5) வந்தன. மே மாதம் டூம்: த டார்க் ஏஜஸ் எல்லா இடத்திலும் ஒரே நாளில். ஆகஸ்ட் 26-ஆம் தேதி கியர்ஸ் ஆஃப் வார் பிளேஸ்டேஷனில் இறங்கிய அதே நாளில் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸில் இறங்கியது, பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு நாள் வரும் என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். கடைசியாக அக்டோபரில் ஹேலோவே வருகிறது என்றார்கள். 2001-இல் முதல் எக்ஸ்பாக்ஸோடு பிறந்த கேம், அதன் முதல் பாகத்தின் மறு உருவாக்கம், 2026-இல் பிஎஸ்5-இல்.

எனக்கு இதில் சந்தோஷம்தான். ஒரு கன்சோல் வாங்கவே வீட்டில் பேசிப் பேசிச் சம்மதம் வாங்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, இரண்டு கன்சோல் வைத்திருப்பவனுக்கு மட்டும் எல்லா கேமும் கிடைக்கட்டும் என்று நான் ஏன் ஆசைப்பட வேண்டும்? ஃபோர்ஸா ஹொரைசன் 5-இன் மெக்சிகோவில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிற அனுபவத்தை பிளேஸ்டேஷன்காரர்கள் மூன்றரை வருஷம் காத்திருந்து பெற்றார்கள், அந்தக் காத்திருப்பால் எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்த எனக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. ஒரு கம்பெனியின் வேலியைத் தன் குடும்பக் கௌரவம்போல் காவல் காக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆக்டிவிஷனை வாங்குவதைத் தடுக்க அமெரிக்க அரசுத் தரப்பு போட்ட வழக்கில் 2023-இல் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா, தன் கையில் இருந்தால் கன்சோல் எக்ஸ்க்ளூசிவ் என்பதையே எடுத்துவிடுவேன் என்கிற அர்த்தத்தில் சொன்னார். வழக்கில் ஜெயிக்கச் சொன்னது என்று அப்போது பலர் ஒதுக்கினார்கள், இப்போது பார்த்தால் அதை நோக்கித்தான் போயிருக்கிறார்கள்.

காரணம் பணம், வேறென்ன. அதே வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் கேம் தயாரிப்புச் செலவுகளை மார்க்கரால் கறுப்படித்திருந்தார்கள், ஸ்கேன் செய்தபோது மை வழியே எண்கள் தெரிந்துவிட்டன. த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். இவ்வளவு போட்டு எடுக்கிற கேமை ஒரே பெட்டியில் பூட்டி வைத்து லாபம் பார்க்க, அந்தப் பெட்டி கோடிக்கணக்கான வீடுகளில் இருக்க வேண்டும். பிஎஸ்5 எட்டு கோடியைத் தாண்டி விற்றிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கன்சோல் விற்பனை எண்ணிக்கையைச் சொல்வதையே 2015-இல் நிறுத்திவிட்டது. சோனியே 2020-இல் தன் கேம்களை ஒவ்வொன்றாக பிசிக்கு அனுப்பத் தொடங்கியது. நிண்டெண்டோ மட்டும் அசையவில்லை, மரியோ வேண்டுமா எங்கள் பெட்டியை வாங்கு, அவ்வளவுதான்.

சரி, கேம் பாஸுக்கு வருவோம். ஹேலோவும் ஃபோர்ஸாவும் பிஎஸ்5-இலேயே கிடைக்கும், அதே பிஎஸ்5-இல் காட் ஆஃப் வாரும் ஸ்பைடர்மேனும் இருக்கும் என்றால், புதிதாக கன்சோல் வாங்குகிறவர் எக்ஸ்பாக்ஸ் பக்கம் திரும்ப ஒரே காரணம் கேம் பாஸ்தான். அதனால் அது இப்போது ஒரு லெண்டிங் லைப்ரரியாக, தன் அலமாரியின் பலத்தில் மட்டும் நின்று காட்ட வேண்டும். அப்படி வைத்து மதிப்பிட்டால் என்ன?

அலமாரி அருமையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அல்டிமேட்டில் 400-க்கு மேல் கேம்கள் என்கிறார்கள், ஆனால் எண்ணிக்கையை விடுங்கள். நான் பேச விரும்புவது பென்டிமென்ட் பற்றி. 2022 நவம்பரில் அப்ஸிடியன் ஸ்டுடியோவில் ஒரு சின்னக் குழு செய்தது, 16-ஆம் நூற்றாண்டு பவேரியாவில் மடாலயத்துக்குச் சுவடி எழுத்தோவியம் வரைய வந்த ஆண்ட்ரியாஸ் என்கிற ஓவியன், ஒரு கொலை, அந்தச் சின்ன ஊரின் 25 வருஷம். சண்டை கிடையாது, குரல் நடிப்பும் கிடையாது. ஒவ்வொருவரும் பேசுவது எழுத்தாக விரிகிறது, விவசாயி பேசினால் ஒரு கையெழுத்து, துறவி பேசினால் வேறு, அச்சுக்கூடம் வைத்திருப்பவர் பேசினால் வார்த்தைகள் அச்சுக் கோத்ததுபோல் வந்து பதிகின்றன. படித்தவன் என்று ஆண்ட்ரியாஸுக்குத் தெரிய வந்ததும் அந்த ஆளின் எழுத்து வடிவமே மாறும். இதைக் கடையில் காசு கொடுத்து வாங்குவேனா? ஐந்து நிமிஷ டிரெய்லரைப் பார்த்துவிட்டு நிச்சயம் கடந்து போயிருப்பேன். கேம் பாஸில் இருந்ததால் ஒரு ராத்திரி சும்மா திறந்தேன், பிறகு முடிக்காமல் வேறு எதையும் தொடவில்லை. அதன் இயக்குநர் ஜோஷ் ஸாயர், கேம் பாஸ் இல்லாதிருந்தால் இப்படி ஒரு கேமை முன்மொழிந்தே இருக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

என் கவலையும் இங்கேதான். எத்தனை காப்பி விற்கும் என்று கேட்காமல் ஒரு கேமைச் செய்ய அனுமதித்தது அந்தப் பழைய ஏற்பாடு, சந்தாதாரர்களுக்கு வித்தியாசமாக ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால். இப்போது எல்லாத் தளத்திலும் விற்பனைதான் இலக்கு என்றால் பென்டிமென்டுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஹை-ஃபை ரஷ் செய்த டேங்கோ கேம்வொர்க்ஸைப் பாருங்கள். 2023 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து எல்லோர் மனசையும் அள்ளிய கேம், 2024 மார்ச்சில் பிஎஸ்5-க்கும் போனது, மே மாதம் அந்த ஸ்டுடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆகஸ்டில் கொரியாவின் கிராஃப்டன் முன்வந்து எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயர் பிழைத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அலமாரியின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், நிலையில்லாதது. மைக்ரோசாஃப்டின் சொந்த கேம்கள் பெரும்பாலும் இருக்கும், மற்றவை எப்போது வேண்டுமானாலும் போகும். ஜிடிஏ 5 எத்தனை தடவை வந்து எத்தனை தடவை போயிருக்கிறது! சொந்த கேமுக்கும் முழு உத்தரவாதம் இல்லை, கார் கம்பெனிகளோடும் பாட்டு உரிமையாளர்களோடும் போட்ட ஒப்பந்தங்கள் முடிந்ததால் ஃபோர்ஸா ஹொரைசன் 4 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்தே போய்விட்டது. பால்டர்ஸ் கேட் 3, எல்டன் ரிங் போன்றவை இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கேமோடு பின்னால் சேர்க்கிற கூடுதல் பகுதிகளுக்கு (டிஎல்சி) அநேகமாகத் தனிக் காசு.

கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பரில் ஹாலோ நைட்: சில்க்சாங் முதல் நாளே கேம் பாஸில் வந்தது. கடையில் அதன் விலை 20 டாலர். 2025 அக்டோபர் விலைப்படி அல்டிமேட் ஒரு மாதம் 30 டாலர். சில்க்சாங் மட்டும் போதும் என்கிறவர் வாங்கிவிடுவதே லாபம், அது என்றைக்கும் அவருடையது, அந்த கேம் ஒரு மாதத்தில் முடிகிற கேமும் இல்லை. அதே மாதத்தில் கிளேர் அப்ஸ்க்யூர், டூம், பென்டிமென்ட் எல்லாம் விளையாடுகிறவருக்கு 30 டாலர் ரொம்ப மலிவு. அதாவது மாதம் இரண்டு மூன்று கேமை முடிக்கிற நேரம் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுகிறவருக்கு, 60 மணி நேரம் ஓடுகிற ரோல்-பிளேயிங் கேம் ஒன்றே இரண்டு மாதச் சந்தாவைத் தின்றுவிடும்.

நம்மூரில் இன்னொரு விஷயம் உண்டு. பிளேஸ்டேஷன்காரர்களுக்கு டிஸ்க் இருக்கிறது. புது கேம் 5,000 ரூபாயைத் தொட்டாலும் முடித்துவிட்டு செகண்ட் ஹேண்டில் தள்ளலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம், இங்கே பலர் பல வருஷமாக அப்படித்தான் விளையாடுகிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் டிரைவே கிடையாது, அதை வாங்கியவர்களுக்கு கேம் பாஸ்தான் செகண்ட் ஹேண்ட் சந்தை. அவர்களை நம்பித்தான் விலை 499-இல் இருந்தது, 2025-இல் 1,389 என்று வந்து அடித்ததும் அவர்களைத்தான், அதனால்தான் இந்த உயர்வு எனக்கு நியாயமாகப் படவில்லை.

அல்டிமேட்டுக்குக் கீழே, 2025 அக்டோபர் விலைப்படி 699 ரூபாய்க்கு, பிரீமியம் என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கேம்கள் வெளியாகி ஒரு வருஷத்துக்குள் அதில் வரும், கால் ஆஃப் டியூட்டி மட்டும் அந்த வாக்குறுதியில் சேராது. முதல் நாளே விளையாட வேண்டும் என்கிற அவசரம் இல்லாதவர்களுக்கு இதுதான் சரியான படி என்பேன். சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் எக்ஸ்ட்ராவும் கிட்டத்தட்ட இந்தக் கொள்கைதான், தன் பெரிய கேம்களை முதல் நாளே சந்தாவில் போடுவதில்லை, ஆற அமரப் பிறகு போடுகிறது. அப்போது அதைக் கஞ்சத்தனம் என்று நானும் சேர்ந்து பேசியவன்தான், இப்போது இரண்டு பக்கமும் ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

2025 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. கன்சோலே இல்லாமல் போனிலோ டிவியிலோ இணையம் வழியே விளையாடலாம். பென்டிமென்ட் மாதிரி நிதானமான கேமுக்கு இது தாராளமாகப் போதும். டூம் மாதிரி விரல் அசைவில் உயிர் போகிற கேமை டவுன்லோட் செய்து விளையாடுங்கள். நூறு ஜிபி கேம்களை இறக்கும் முன் உங்கள் பிராட்பேண்ட் பிளானில் மாத வரம்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் எடுக்கிறவர்கள், எடுத்த அன்றைக்கே தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடலாம், மீதி நாள் சந்தா அப்படியே ஓடும். பாதியில் நின்ற கேமின் சேவ் ஃபைல், அதாவது எதுவரை விளையாடினீர்கள் என்கிற பதிவு, கிளவுடில் பத்திரமாக இருக்கும். பின்னால் அந்த கேமை எக்ஸ்பாக்ஸிலேயே தள்ளுபடியில் வாங்கினாலும், வேறொரு மாதம் சந்தா போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதே கேமை பிஎஸ்5-இல் வாங்கினால் பெரும்பாலானவற்றுக்கு முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கேமை எங்கும் கொண்டுபோக விட்டவர்கள் சேவ் ஃபைலையும் கொண்டுபோக வழி செய்ய வேண்டும், அடுத்து நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.