வாடகை வீட்டு முன்வாசல்: நிஜப் புல்லா, செயற்கைப் புல்லா?

சென்னையில் வாடகைக்கு விடும் ஒரு தனி வீடு, முன்னால் 300 சதுர அடி மண் தரை என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரரே குடியிருந்தால் அழகையும் செலவையும் பார்த்து முடிவெடுத்துவிடலாம். வாடகை வீட்டில் முதல் கேள்வி வேறு: ஒரு குடும்பம் மே மாதத்தில் காலி செய்துவிட்டுப் போனால், அடுத்தவர் வரும்வரை தண்ணீர் ஊற்றுவது யார்?

கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. நீர் தேவை. சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் 300 சதுர அடிக்கு 140 லிட்டர், மாதத்துக்கு 4,200 லிட்டர். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் யாரும் இதைப் புல்லுக்கு ஊற்ற மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் செயற்கைப் புல்தான் வழி என்று ஆகிவிடாது. தவறு பெரும்பாலும் புல் வகையில் இருக்கிறது. நர்சரியில் பலரும் வாங்குவது கொரியன் புல். பார்க்க மெத்தென்று இருக்கும். வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைக்கும், காய்ந்து திட்டு விழுந்தால் மூடிவர மாதக்கணக்கில் ஆகும். வாடகை வீட்டுக்கு அது ஏற்றதல்ல. அருகம்புல் வறட்சியில் பழுத்துப் படுத்தாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு இருக்கும்; தண்ணீர் கிடைத்ததும் துளிர்க்கும். கடலோரப் பகுதியின் உப்பு போர் தண்ணீரையும் தாங்கும். அதன் பலவீனம் நிழல்: தினமும் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். மாமர நிழல் என்றால் அகன்ற இலை எருமைப்புல் போடலாம். ஆனால் அருகைவிடத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும்.

நிஜப் புல் கெட்டுப்போவது பெரும்பாலும் நடுவதற்கு முன்பே. வீடு கட்டிய இடிபாடும் சிமென்ட் பாலும் மேல்மண்ணில் கிடக்கும். 6 அங்குலம் கொத்திக் கல்லைப் பொறுக்கி, செம்மண், மணல், மக்கிய எரு கலக்க வேண்டும். செம்மண் லோடோடு கோரைக்கிழங்கும் வந்து சேரும். மண்ணை நனைத்து 2 வாரம் விட்டால் கோரை முளைக்கும். கிழங்கோடு தோண்டி எடுத்து, இன்னொரு முறை நனைத்துப் பார்த்துவிட்டுப் புல் பதியுங்கள். பிறகு களையெடுக்க முயன்றால் புல்லும் சேர்ந்து வரும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 8 அடிக்கு 1 அங்குலம் சரிவு வையுங்கள். வளரும் பருவத்தில் 2 மாதத்துக்கு ஒருமுறை 300 கிராம் யூரியா போதும். தூவியதும் தண்ணீர் விடாவிட்டால் இலை கருகும்.

செயற்கைப் புல்லுக்குத் தண்ணீரும் வெட்டும் வேலையும் இல்லை. ஆனால் நேர் வெயிலில் அந்த பிளாஸ்டிக் இழை 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். உச்சி வேளையில் குழந்தை வெறுங்காலோடு இறங்க முடியாது. தண்ணீர் தெளித்தாலும் சற்று நேரத்தில் மறுபடி சூடேறிவிடும். தீபாவளி மத்தாப்புப் பொறி விழுந்த இடம் உருகி ஓட்டையாகும்; அந்தத் துண்டை மாற்றினால் பழைய நிறத்தோடு சேராது. குடியிருப்பவர் நாய் வளர்த்தால் சிறுநீர் அடியில் தங்கி நாறும்.

இதிலும் அடித்தளம்தான் எல்லாம். வெறும் மண்ணில் விரித்தால் ஒரே மழைக்காலத்தில் பள்ளம் விழும், கோரை துளைத்துக்கொண்டு வரும். 4 அங்குலம் ஜல்லியும் கிரஷர் தூசியும் கொட்டிச் சரிவோடு இடித்து இறுக்கி, அதன்மேல் ஜியோ துணி (தண்ணீரை விட்டுக் களையைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரிக்க வேண்டும். எல்லாச் சுருளிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் இரண்டு நிறமாகத் தெரியும். இணைப்பை அடிப்பட்டையும் பசையும் வைத்து ஒட்டி, சிலிக்கா மணல் தூவித் துடைப்பத்தால் உள்ளே தள்ளுங்கள். வேப்பஞ்சருகு வடிதுளையை அடைக்கும். வாராவாரம் பெருக்குவதும் பராமரிப்புதான்.

ஆகவே வெயில் படும் மண் தரைக்கு அருகம்புல். வெயில் குறைந்த பால்கனிக்கும், மண்ணே இல்லாத சிறு சிமென்ட் முற்றத்துக்கும் செயற்கை. மொட்டை மாடியில் செயற்கைப் புல்லை ஒட்டவே கூடாது. அடியில் ஈரம் தேங்கினாலும் ஓடு விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. கீழ் வீட்டுக் கூரை ஒழுகும்போதுதான் தெரியும்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, குடியிருப்பவர் பயன்படுத்தும் தோட்டத்தைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. அதை மட்டும் நம்பிப் புல்லை விட்டுவிட வேண்டாம். தோட்டக்காரர் கூலியை வாடகையிலேயே சேர்த்து ஆளை உரிமையாளரே வைப்பது நல்லது. வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களிலும் அவர் வருவார். சாவி கொடுக்கும் நாளில் தரையைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் அட்வான்ஸ் பிடித்தத்தில் தகராறு வராது.

குடியிருப்பவரே பால்கனியில் செயற்கைப் புல் போட விரும்பினால் தாராளமாக அனுமதிக்கலாம். பசை வேண்டாம், ஓரத்தில் பூந்தொட்டி வைத்து அழுத்தினால் போதும். வடிகுழாய் வாயருகே ஒரு சதுர அடி வெட்டி விடச் சொல்லுங்கள்.