டிகாக்‌ஷனில் காஃபீன்: யுவியா, எச்பிஎல்சியா?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஃபில்டர் காபியில் காஃபீன் அளக்கப் போகிறீர்களா? சென்னையில் நல்ல தலைப்புதான். முதலில் யுவி கருவியில் (புற ஊதா ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்பது) கை பழகட்டும் என்பேன். காஃபீன் 273 நானோமீட்டரில் ஒளியை நன்றாக உறிஞ்சும். நான்கைந்து திட்டக் கரைசல்கள் (காஃபீன் அளவு முன்பே தெரிந்தவை) தயாரித்து, செறிவு கூடினால் உறிஞ்சலும் அதே விகிதத்தில் கூடும் என்ற பியர்-லாம்பர்ட் விதிப்படி நேர்கோடு வரைந்தால் போதும், கணக்கும் சுலபம்.

சிக்கல் டிகாக்‌ஷனில்தான். அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலமும் அதே பகுதியில் உறிஞ்சுவதால், நேராக அளந்தால் காஃபீன் கூடுதலாகத் தெரியும். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானால் காஃபீனைப் பிரித்தெடுத்துவிட்டு அளக்க வேண்டும்.

எச்பிஎல்சியில் (கரைசலை உயர் அழுத்தத்தில் குழாய் வழியே செலுத்திப் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) இந்தப் பிரிப்பை சி18 என்ற பொருள் நிரப்பிய குழாயே செய்துவிடும்; வரைபடத்தில் காஃபீனுக்குத் தனி பீக் (முகடு) வரும். ஆனால் பொறுமை வேண்டும். நான் ஒருமுறை டிகாக்‌ஷனைச் சரியாக வடிகட்டாமல் செலுத்தி, அழுத்தம் ஏறி, ஒரு நாள் முழுக்கக் குழாயைக் கழுவினேன். 0.45 மைக்ரான் வடிகட்டியை மறக்காதீர்கள்.

சென்னையை அடுத்த ஆலத்தூர் மருந்து ஆலைகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை தேடுபவர் என்றால், எச்பிஎல்சியைக் கற்காமல் விடாதீர்கள். அப்புறம், இரண்டு கருவியிலும் ஒரே டிகாக்‌ஷனை அளந்து பாருங்கள். அந்த வித்தியாசமே ப்ராஜெக்டில் ஒரு அத்தியாயம் ஆகும்.