சோலைக்காட்டுல குருவிக் கூட்டம் பாக்க 8×42 பைனாகுலர், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

பைனாகுலர் வாங்கணும்னு கேட்டா முக்காவாசி பேர் 10×42 வாங்கு, பெருசா தெரியும்னு தான் சொல்லுவாங்க (மொத நம்பர் எத்தன மடங்கு பெருசா காட்டும்ங்கறது, அதான் பவர்; ரெண்டாவது முன்னாடி லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல), நானும் அத நம்பி மூணு வருஷம் 10 பவரோட சுத்திட்டு போன டிசம்பர்ல 12 ஆயிரம் குடுத்து 8×42க்கு மாறுனேன். ஜனவரில கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு எடுத்துட்டு போனப்ப தான் இத்தன நாளா எவ்ளோ விட்டிருக்கேன்னு புரிஞ்சுது.

அங்க அரை மணி நேரம் நடந்தாலும் ஒரு குருவி கண்ணுல படாது. திடீர்னு சாம்பல் தலை ஈப்பிடிப்பான் கத்தும், அடுத்த நிமிஷம் தலைக்கு மேல வெள்ளைக்கண்ணி, பட்டாணிக்குருவி, ஆரஞ்சு மின்சிட்டு, குளிர்காலத்துக்கு வடக்கேருந்து வந்த இலைக்கதிர்குருவின்னு மொத்த கூட்டமும் வந்துரும். ஒண்ணு கலைச்சு விடுற பூச்சிய இன்னொண்ணு புடிக்கும், வைரி வந்தா பாக்க நெறய கண்ணு இருக்கு, அதான் சேந்தே சுத்துதுங்க. மூணு நாலு நிமிஷம் தான், அடுத்த மரத்துக்கு போயிடும்.

பழைய 10 பவர்ல அந்த நேரம் பூரா கிளைய தேடுறதுலயே போயிரும். அதுல 1000 மீட்டர் தூரத்துல 105 மீட்டர் அகலம் தான் தெரியும், இதுல 140 மீட்டர். கண்ணுல வச்ச ஒடனே குருவி உள்ள இருக்கு. வெளிச்சமும் கூட, கண்ணுக்கு வர்ற ஒளிக்கத்தையோட அகலம் 42ஐ 8ஆல வகுத்தா 5.25 மில்லிமீட்டர், 10ஆல வகுத்தா 4.2, சோலை இருட்டுல இந்த வித்தியாசம் நல்லாவே தெரியுது. கை ஆட்டமும் கம்மி, மேடு ஏறி மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது அது ரொம்ப முக்கியம்ங்க.

அன்னிக்கு நட்ஹாட்ச்னு ஒரு குருவி தலைகீழா மரத்துல எறங்கி வந்துச்சு, ஊதா நீல முதுகு, செவப்பு அலகு, பாசிய கொத்தி தள்ளிட்டு பட்டைக்குள்ளேருந்து ஒரு புழுவ இழுத்துச்சு. அந்த புழு நெளியுறது கூட தெரிஞ்சுது, எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

கொற ஒண்ணு தான், கூட வந்த வார் கழுத்த அறுக்குது, 700 கிராம் வெயிட்டுல்ல. தோள்ல மாட்டுற ஹார்னஸ் தனியா வாங்கிட்டேன், இப்ப நாலு மணி நேரம் நடந்தாலும் வலி இல்ல. கண்ணாடி போட்டவங்க கடைலயே ஐகப்ப (கண்ணு வைக்கிற எடத்துல இருக்குற வளையம்) கீழ எறக்கி பாத்துட்டு வாங்குங்க, ஓரம் கறுப்பா தெரிஞ்சா அந்த மாடல் வேணாம்.